லேப்டாப்பில் ஒன்றுமே இல்லையாம்!

போன மாதம் மறுபடியும் ஒரு அழைப்பு. சின்ன மென்பொருள் நிறுவனம். டெவலப்பர்கள் எல்லோரும் கிளவுட்டில் இருக்கும் வொர்க்ஸ்பேஸில், பிரவுசர் வழியாகவே வேலை பார்க்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து போய்விட்ட ஒருவரின் பெயரில் நள்ளிரவில் ரெப்போக்கள் (சோர்ஸ் கோட் தொகுப்புகள்) ஒவ்வொன்றாக இறங்குவதை யாரோ தற்செயலாகக் கவனித்திருக்கிறார்கள். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. அவருடைய சொந்த லேப்டாப்பில் புகுந்திருந்த மால்வேர் (நாசகார மென்பொருள்) பார்த்த வேலை அது. விசாரிக்க உட்கார்ந்ததும் மேலாளர் சொன்ன முதல் வாக்கியம்: "சார், லேப்டாப்ல ஒண்ணுமே கிடையாது. எல்லாமே கிளவுட்லதான் இருக்கு. ஓடிபி வேற போட்டிருக்கோம்."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப்பில் சோர்ஸ் கோட் இல்லை, சரி. அது இருக்கும் இடத்துக்குள் ஏற்கெனவே நுழைந்து நிற்கும் பிரவுசர் இருக்கிறதே? காலையில் கடவுச்சொல் கொடுத்தீர்கள், ஓடிபி கொடுத்தீர்கள். அடுத்த கிளிக்கில் மறுபடி ஏன் கேட்கவில்லை? "இவரைச் சோதித்தாகிவிட்டது" என்பதற்கு அடையாளமாக சர்வர் ஒரு செஷன் குக்கியைக் கொடுத்திருக்கிறது. உங்கள் பிரவுசர் அதை லேப்டாப்பில் சேமித்து வைத்திருக்கிறது. மால்வேர் தேடி வருவது அதைத்தான். அந்தக் குக்கியை நகலெடுத்துத் தன் பிரவுசரில் போட்டுக்கொள்கிறவரிடம் கடவுச்சொல்லும் கேட்க மாட்டார்கள், ஓடிபியும் கேட்க மாட்டார்கள். ஓடிபி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. திருட்டு நடப்பது அதற்கு அப்புறம்.

கற்பனை என்று நினைத்தால், மென்பொருளைத் தானாகச் சோதித்து வெளியிடும் சேவை தரும் சர்க்கிள்சிஐ நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். 2022 டிசம்பர் 16 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவரின் லேப்டாப்பில் மால்வேர் ஏறியது. ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு முடிந்திருந்த செஷன் குக்கி களவு போனது. அந்தப் பொறியாளருக்கு, வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் அமைப்பான புரொடக்‌ஷனுக்கான டோக்கன் (நுழைவுச் சீட்டு போன்ற குறியீடு) உருவாக்கும் அதிகாரம் இருந்தது. அது அப்படியே திருடனுக்கும் கிடைத்தது. வாடிக்கையாளர்களின் கீகளும் டோக்கன்களும் போயின. அவை என்கிரிப்ட் செய்யப்பட்டிருந்தன, ஆனால் ஓடிக்கொண்டிருந்த புராசஸிலிருந்து என்கிரிப்ஷன் சாவியையே எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரி 4 அன்று, "எங்களிடம் வைத்திருக்கும் எல்லா ரகசியங்களையும் உடனே மாற்றுங்கள்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டிவந்தது. லேப்டாப்பில் ஒன்றுமே இல்லைதான். ஒரு குக்கி மட்டும் இருந்தது.

அதே 2022-இல், கடவுச்சொற்களைப் பத்திரப்படுத்தித் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் முதலில் டெவலப்மென்ட் சூழலுக்குள் நுழைந்தார்கள். அடுத்து, மூத்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த மீடியா மென்பொருளின் ஓட்டை வழியாக, தட்டச்சு செய்வதையெல்லாம் பதிவு செய்யும் கீலாகர் போட்டு, அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டையே பிடித்தார்கள். வீட்டில் படம் பார்க்கும் கணினி!

ஜீரோ டிரஸ்ட் என்ற பாதுகாப்புக் கொள்கை பேசுவது இந்த இடத்தைப் பற்றித்தான். 2010-இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் பரப்பிய பெயர் அது. 2009-இல் தாக்குதலுக்கு உள்ளான கூகுள், அதற்குப் பிறகு விபிஎன்னை (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழியை) நம்பாத பியாண்ட்கார்ப் முறையைக் கட்டியது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் இதை 2020 ஆகஸ்டில் 800-207 என்ற ஆவணமாகவே போட்டுவிட்டது. (பழைய விபிஎன் பெட்டிக்கு "ஜீரோ டிரஸ்ட்" ஸ்டிக்கர் ஒட்டி விற்க வருகிறவர்களிடம் இந்த ஆவணத்தைப் படித்தீர்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நல்ல பொழுதுபோக்கு.) சாரம் இதுதான்: எந்த நெட்வொர்க்கிலிருந்து வருகிறார் என்பதை வைத்து மட்டும் யாரையும் நம்பக் கூடாது. யார், எந்தக் கருவியிலிருந்து, அந்தக் கருவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எதைக் கேட்கிறார் என்று தொடர்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத ஒரு கருவியிலிருந்து சரியான குக்கி வந்தாலும் கதவு திறக்கக் கூடாது.

ஓடிபியை விட்டுப் பாஸ்கீக்கோ (கடவுச்சொல்லுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) செக்யூரிட்டி கீக்கோ (கணினியில் செருகும் சிறு கருவி) மாறுங்கள். 2022-இல் போலி லாகின் பக்கம் அனுப்பிய கும்பலிடம் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் கடவுச்சொல்லைக் கொடுத்தே விட்டார்கள். ஹார்டுவேர் செக்யூரிட்டி கீ இருந்ததால் நிறுவனம் தப்பியது. ஆனால் இதுவும் குக்கித் திருட்டைத் தடுக்காது. அதற்குக் கருவிச் சோதனையும் சீக்கிரம் காலாவதியாகும் செஷனும் வேண்டும்.

வொர்க்ஸ்பேஸ் கிளவுட்டில் இருப்பதாலேயே அதையும் நம்பிவிடாதீர்கள். யாரோ எழுதிய கோடின் தொகுப்பான பேக்கேஜை அங்கே ஒரு கட்டளையில் இறக்கி ஓட்டுகிறோம். அது 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியை (மெஷின் தன்னைப் பற்றிய தகவல்களைக் கேட்டு வாங்கும் உள் முகவரி) கேட்டால், அந்த மெஷினுக்குக் கொடுத்திருக்கும் ரோலின், அதாவது அதிகாரங்களின், டோக்கன் கைக்கு வந்துவிடும். 2019-இல் கேப்பிடல் ஒன் வங்கியில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் போனதற்கு இந்த மெட்டாடேட்டா வழியும் ஒரு காரணம். அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸில், இந்த மெட்டாடேட்டா சேவையான ஐஎம்டிஎஸ்ஸின் இரண்டாம் பதிப்பைக் கட்டாயமாக்குங்கள், ஆனால் மெஷினுக்குள்ளேயே ஓடும் கோடை அது தடுக்காது. வெளியே போகும் டிராஃபிக்கையும் தேவையான முகவரிகளுக்கு மட்டும் விடுங்கள். "டெவ் தானே" என்று அட்மின் ரோல் கொடுக்காதீர்கள். டெமோ காட்டுவதற்காக வொர்க்ஸ்பேஸின் போர்ட்டை (வெளியிலிருந்து இணையும் வாசலை) பப்ளிக் ஆக்கிவிட்டு மறந்துபோகாதீர்கள். முடிந்தால் அந்த வசதியையே பாலிசி போட்டு மூடுங்கள்.

டெவலப்பர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. புரோகிராமின் அமைப்புகளை எழுதி வைக்கும் என்வ் (.env) கோப்பில் நிரந்தர ஆக்சஸ் கீ வைத்திருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள். பிரைவேட் ரெப்போதானே என்று சொல்ல வேண்டாம். 2016-இல் ஊபரின் ஐந்து கோடியே எழுபது லட்சம் பேரின் தகவல் போனது, பிரைவேட் ரெப்போவில் கிடந்த கீயால்தான். சில நிமிடங்களில் காலாவதியாகும் டோக்கனை ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை மூலம் வாங்குவது இப்போது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

மனிதவளத் துறையினருக்கு: ஒருவர் விலகினால் கணக்கை முடக்கியதோடு வேலை முடிந்துவிடாது. திறந்திருக்கும் செஷன்கள், அவர் உருவாக்கிய பெர்சனல் ஆக்சஸ் டோக்கன்கள், சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் கீகள், ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்ஸ்பேஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொல்ல வேண்டும். ஒப்பந்த ஊழியருக்கு நிறுவன லேப்டாப் ஒன்று கொடுங்கள். செலவுதான், தெரியும்.

லாக் (யார், எப்போது, என்ன செய்தார் என்ற பதிவு) பற்றி இரண்டு வரி. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவின்படி, சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் புகார் அளிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் போதாது, யாராவது படிக்கவும் வேண்டும்.

கடைசியாக, எல்லா நிறுவனத்திலும் இந்த விதிகளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். முதல் பெயர் அநேகமாக தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியான சிடிஓவாக இருக்கும், புரொடக்‌ஷனில் முழு அதிகாரமும் அவரிடம்தான் இருக்கும். அங்கிருந்தே தொடங்குங்கள்.