கேம் மோட்கள் எங்கே மோதுகின்றன?

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் இரண்டு மோட்களை, அதாவது கேமை மாற்றும் கூடுதல் கோப்புகளை, சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மோட் இரும்பு வாளின் தாக்குதல் அளவை 7-இலிருந்து 10 ஆக உயர்த்துகிறது. அடுத்தது அதே வாளின் எடையை 9-இலிருந்து 6 ஆகக் குறைக்கிறது. இரண்டும் பலிக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் எடை மட்டுமே குறைந்திருக்கும். தாக்குதல் பழைய 7-இலேயே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. மோட் மோதல்களில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இந்த மௌனம்தான்.

இந்த கேமின் மோட் கோப்பு, மாற்றிய எண்ணை மட்டும் தாங்கி வருவதில்லை. வாளைப் பற்றிய முழுப் பதிவின் நகலையும் தாங்கி வருகிறது. ஏற்றும் வரிசையில் கடைசியாக வரும் நகலே செல்லும். ஆகவே எடையைக் குறைக்க வந்த மோட், தான் தொடவே நினைக்காத பழைய தாக்குதல் அளவையும் சேர்த்துத் திணித்துவிடுகிறது.

கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு இலக்கப் பதினறும எண் (0 முதல் 9, A முதல் F வரை கொண்டு எழுதுவது) ஒன்று இருக்கிறது. ஒரே பதிவில் இரண்டு மோட்கள் கைவைத்திருந்தால் அந்த எண் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்எடிட் என்ற கருவி மூலப் பதிவையும் மோட்களின் நகல்களையும் அருகருகே வைத்து, முரண்படும் இடங்களுக்கு நிறமிடுகிறது. நிறம் தெரிந்த இடமெல்லாம் கோளாறு என்று பதறக் கூடாது. ஒன்றை ஒன்று மேலெழுதுவது பல வேளை வேண்டுமென்றே செய்வதுதான். மூலத்தோடு ஒப்பிடுவதே முக்கியம். வென்ற நகலில் ஒரு மதிப்பு மூலத்தில் இருந்தபடியே இருந்தால், அதை மாற்றும் எண்ணம் பெரும்பாலும் அந்த மோட்டுக்கு இல்லை. அப்போது 10, 6 இரண்டையும் தாங்கிய சிறு இணைப்புக் கோப்பைக் கடைசியில் ஏற்றினால் போதும்.

கேமே நின்றுவிட்டால், மோட்களில் பாதியை அணைத்துப் பார்க்கலாம். தவறு ஒரே மோட்டில் என்றால், 128 மோட்களில் அதை ஏழு சோதனைகளில் பிடித்துவிடலாம். மோதுவது இரண்டு மோட்கள் என்றால் இந்த முறை ஏமாற்றும்: ஆளுக்கொரு பாதியில் அவை பிரிந்துவிட்டால் இரு பாதிகளும் தனித்தனியே நன்றாக ஓடும். அப்போது ஒரு பாதியை முழுவதும் இயக்கத்தில் வைத்துக்கொண்டு, மற்றதை மட்டும் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு மோட் சிக்கியதும், அதை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைப் பிரிக்க வேண்டும். இந்தச் சோதனைகளைப் புதிய ஆட்டத்தில் செய்வதே நல்லது. நீக்கிய மோட்டின் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) மிச்சங்கள் பழைய சேமிப்பில் தங்கியிருக்கக்கூடும்.