ஸ்டெம் செல்: தண்டும் இல்லை, குருத்தும் இல்லை

முதுகுத்தண்டில் அடிபட்டவருக்குத் "தண்டுவட செல் சிகிச்சை" என்று ஒரு செய்தி வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? யாருடைய தண்டுவடத்திலிருந்தோ எதையோ எடுத்து இவருக்கு வைக்கிறார்கள் என்றுதான். எழுதியவர் சொல்ல வந்தது ஸ்டெம் செல்லை. அது எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், கொழுப்பிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தும் வந்திருக்கலாம். தண்டுவடத்துக்கும் அந்தப் பெயருக்கும் எந்த உறவும் இல்லை. ஸ்டெம் என்றால் தண்டு, தண்டு என்றால் தண்டுவடம் என்று யாரோ இரண்டே தாவலில் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்களும் அதே தடத்தில் நடக்கிறார்கள். செய்தி, விளம்பரம், தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சி என்று எல்லா இடத்திலும் இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெறும் மொழிப்பிழை என்றால் முணுமுணுத்துவிட்டுப் போகலாம். ஆனால் இது ஆளைப் பயமுறுத்தும் பிழை. ரத்தப் புற்றுநோயாளிக்கு ரத்த ஸ்டெம் செல் தானம் கொடுக்க ஆள் தேடுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "முதுகுத்தண்டில் ஊசி போடுவார்களாமே, நடக்க முடியாமல் போய்விடுமாமே" என்பதுதான் அவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி. இப்போது பெரும்பாலும் சில நாள் ஊசி மருந்து கொடுத்து, அந்தச் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்த ஓட்டத்துக்கு வரவழைத்து, கை ரத்தக்குழாய் வழியாக ரத்தத்தை எடுத்து, எந்திரத்தில் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பிவிடுகிறார்கள். மஜ்ஜையையே எடுத்தாலும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்பார்கள். தண்டுவடத்தை யாரும் தொடுவதில்லை. இருக்கிற பயம் போதாதென்று அதற்குத் "தண்டுவட செல் தானம்" என்று பெயரும் வைத்தால் யார் முன்வருவார்கள்?

சரி, பொருளுக்கு வருவோம். ஒரு செல்லை ஸ்டெம் செல் என்று சொல்ல அதற்கு இரண்டு குணம் வேண்டும். பிரியும்போது தன்னைப் போன்ற செல்லை மறுபடி உண்டாக்கித் தன் இனத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். ரத்தம், தோல், நரம்பு என்று வேலைக்குப் போகும் வேறு வகைச் செல்களையும் தர வேண்டும். 1961இல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் முளைத்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லின் வம்சம் என்பது 1963இல் உறுதியானது. இந்த இரண்டு குணங்களையும் ஆய்வில் அளந்து காட்டலாம் என்ற நிலை அங்கிருந்துதான் வந்தது.

பெயர் அதற்கு ரொம்ப முந்தியது, அதுவும் ஜெர்மன்காரர்கள் வைத்தது. 1868இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ஷ்டாம்ட்செல்லெ என்று எழுதினார். அங்கே அது எல்லா உயிர்களுக்கும் ஆதியான ஒற்றைச் செல் உயிரி. 1877இல் கருவுற்ற முட்டைக்கும் அதே பெயரைக் கொடுத்தார். 1892இல் தியோடர் பொவேரியும் வாலன்டின் ஹெக்கரும் இன்றைய பொருளை நெருங்கினார்கள், பிறகு அது ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் ஆனது. ஜெர்மனில் ஷ்டாம் என்றால் அடிமரம், குலம் என்றும் பொருள். குலமரத்தை, அதாவது வம்சாவளிப் படத்தை, ஷ்டாம்பௌம் என்பார்கள். ஹெக்கல் அப்படிப்பட்ட மரங்களை வரைந்து தள்ளியவர். ஆக, அவர் மனத்தில் இருந்தது கீரைத்தண்டு அல்ல, குலத்தின் அடிமரம். தண்டுச் செல், தண்டணு என்பவையெல்லாம் இங்கேயே விழுந்துவிடுகின்றன.

தண்டுவடக்காரர்களோடு சண்டை போடுவது சுலபம். எனக்கு உண்மையான வழக்கு குருத்தணுவோடுதான். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் ஸ்டெம் செல்லுக்கு ஆசையாக எடுத்துக்கொண்ட சொல் அது. காதுக்கு இனிமை, பார்வைக்குப் பசுமை. கலைச்சொல்லுக்கு அழகு ஒரு கூடுதல் வரவுதான், மறுக்கவில்லை. ஆனால் பொருளைத் தலைகீழாக்கிவிட்டு அழகாக இருந்து என்ன பயன்?

குருத்து என்பது என்ன? தென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் ஈட்டி மாதிரி நிற்கும் குருத்து ஏற்கெனவே ஓலைதான், விரியாத ஓலை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்துவிட்டால், பிறகு விரியும் ஓலை கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் முக்கோணம் முக்கோணமாக இருப்பதைத் தோப்பு வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கீற்றுகள் எல்லாம் உள்ளே மடிந்து தயாராக இருந்ததால்தான் கடித்த இடம் அப்படி விரிகிறது. குருத்துக்கு ஓலை ஆவதைத் தவிர வேறு வழியே கிடையாது. அது பூவாகாது, வேராகாது. ஸ்டெம் செல்லின் சிறப்போ, இன்னதாக ஆகப்போகிறோம் என்று இன்னும் முடிவாகாமல் இருப்பது. முதல் கோணல் இது.

அடுத்து, குருத்து விரிந்தால் தீர்ந்தது. அது இன்னொரு குருத்தைப் பெற்றுவிட்டு விரிவதில்லை. அடுத்த குருத்து அதன் அடியில் ஒளிந்திருக்கும் வளர்முனையிலிருந்து வருகிறது. பள்ளிப் புத்தகத்தில் ஆக்குத்திசு என்று படித்தோமே, அதுதான். தாவரத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கும் இடமும் அதுவே. அதாவது தாவரத்தின் ஸ்டெம் செல் உண்டாக்கும் பொருளுக்குக் குருத்து என்று பெயர். பிள்ளையின் பெயரைத் தாய்க்கு வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, குருத்தில் இளமை ஒட்டிக்கொண்டு வருகிறது. கருவில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு அது பொருந்தும். எழுபது வயதுக்காரரின் மஜ்ஜையிலும் இவை இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன சொல்வது? "முதிர் குருத்தணு" என்று எழுதியிருக்கிறார்கள். முதிர்ந்தால் அது எப்படிக் குருத்து?

இதெல்லாம் அகராதிக்காரன் வாதம் என்று ஒதுக்கினாலும், குருத்தெலும்பை ஒதுக்க முடியாது. மூட்டுத் தேய்மானம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. குருத்தெலும்பு என்ற சொல் பாட்டிகளுக்கும் தெரியும். அந்தக் குருத்தெலும்பிலேயே சொந்தச் செல்கள் உண்டு, அவற்றை வளர்த்து மூட்டில் வைக்கும் சிகிச்சையும் உண்டு. ஸ்டெம் செல்லை மூட்டில் செலுத்தும் முயற்சிகள் தனி. "குருத்தணு சிகிச்சை" என்றால் இந்த இரண்டில் எது? நோயாளி முதலில் நினைப்பது குருத்தெலும்புச் செல்லைத்தான். தண்டுவட செல் செய்த அதே குழப்பத்தை, கொஞ்சம் நல்ல உடை உடுத்தி வந்து, குருத்தணுவும் செய்கிறது. (நெல் வயலில் தண்டுத் துளைப்பான் என்பதும் குருத்துப்பூச்சி என்பதும் ஒரே பூச்சிதான். அங்கே பெயர் மாறினாலும் யாரும் ஏமாறுவதில்லை, புழுவைக் கண்ணால் பார்க்கிறார்கள்.)

மூலச்செல் என்பதற்குப் பொருள் அளவில் குறை சொல்ல மாட்டேன். மூலக்கூறு, மூலப்பொருள் எல்லாம் நன்றாகத்தானே நிற்கின்றன? ஆனால் மருத்துவத்தில் மூலம் என்றால் நம் ஊர்ச் சுவர்களில் மூலம், பவுத்திரம் என்று ஒட்டியிருக்கும் அந்த மூலம்தான். "மூலச்செல் சிகிச்சை மையம்" என்று பலகை வைத்தால் வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தாய்ச்செல்லும் ஆகாது. பிரிவதற்கு முன் இருக்கும் எந்தச் செல்லுக்கும் அந்தப் பெயர் போய்விட்டது.

என் வாக்கு முதற்செல்லுக்கு. முதல் என்றால் தொடக்கம், காரணம். பழந்தமிழில் மரத்தின் அடிக்கும் முதல் என்ற பெயர் உண்டு, ஆகவே ஷ்டாமின் அடிமரமும் இதில் வந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது கடைத்தெருப் பொருள்: முதல் போடுவது. முதலைத் தொடாமல் வருகிற வரும்படியில் செலவு செய்பவன் பிழைத்துக்கொள்வான். மஜ்ஜை நடத்துவதும் அந்தக் கணக்குத்தான். நம் உடம்பில் நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் சிவப்பணுக்கள் உண்டாகின்றன, ஆனாலும் அவற்றுக்கு ஆதியான செல்கள் வாழ்நாள் முழுக்கத் தீர்ந்துபோவதில்லை. டில், மெக்கல்லக் சொன்ன இரண்டு குணங்களும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. மஜ்ஜை வற்றிப்போகும் ரத்தசோகையில் முதலுக்கே மோசம் என்று சொன்னால் விளக்கவுரை வேண்டியதில்லை. இலங்கையில் செல்லைக் கலம் என்பார்கள். அங்கே முதற்கலம் என்று வைத்துக்கொள்ளட்டும், நன்றாகவே இருக்கிறது.

முதற்செல் என்றால் உலகில் தோன்றிய முதல் செல் என்றோ, கருவுற்ற முட்டை என்றோ எடுத்துக்கொள்வார்களே என்று கேட்கலாம். ஹெக்கல் அந்த இரண்டுக்கும் இதே பெயரைத்தானே வைத்தார்! மூலச்சொல்லிலேயே இருந்த இரட்டைப் பொருள் தமிழிலும் கொஞ்சம் ஒட்டினால் ஒன்றும் கெட்டுவிடாது. யாரும் அதைப் படித்துவிட்டு முதுகைத் தடவிப் பார்க்கப் போவதில்லை.

இதில் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும். ஆய்வு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழு, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபீலியா ஏ கடுமையாக உள்ள 5 பேருக்கு, அவர்களுடைய சொந்த ரத்த முதற்செல்களில் உறைகாரணி 8-க்கான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிச் செலுத்திய முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. அதன் பிறகு அவர்களுக்கு ரத்தக்கசிவு நேரவில்லை. இதைத் தமிழில் எழுதும்போது "தண்டுவட செல்களில் மரபணு மாற்றம்" என்று போட்டால் அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை அவ்வளவுதான். இன்னொரு பக்கம், ரத்த முதற்செல் மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர மற்றவை ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அதையும் மீறி மூட்டுவலி முதல் முகச்சுருக்கம் வரை எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் விற்கிறார்கள். புரியாத சொல் விற்பவனுக்கு வசதி. மொழிபெயர்ப்பவர் ஏன் அவனுக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும்?

நம் மொழிபெயர்ப்பாளர்களில் பலர் பொருளைப் பார்ப்பதில்லை, அகராதியில் முதலில் நிற்கும் சொல்லைப் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். வளர்ந்த செல்லைக் கருநிலைக்குத் திருப்பி உண்டாக்கும் ஐ.பி.எஸ். (iPS) செல்லுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: "தூண்டப்பட்ட பல்திறன் கொண்ட குருத்தணுக்கள்". கியோட்டோவில் ஷின்யா யமனகா 2006இல் 24 மரபணுக்களில் தொடங்கி நான்கே போதும் என்று கண்டுபிடித்து, எலியின் தோற்பகுதிச் செல்லைக் கருநிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் செய்தார். 2012இல் நோபல் பரிசு. அதே கியோட்டோவில் இந்த வகைச் செல்களிலிருந்து வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்களைப் பார்க்கின்சன் நோயாளிகள் 7 பேரின் மூளையில் வைத்த ஆய்வு 2025இல் வெளியானது. பயன் இருக்கிறதா என்று பார்த்த 6 பேரில் 4 பேருக்கு அசைவு மேம்பட்டிருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் சாதாரண விஷயமில்லை. இவ்வளவுக்கும் நாம் வைத்திருக்கும் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

ஐ.பி.எஸ். என்ற பெயரின் முதல் எழுத்தை யமனகா ஆங்கிலத்தில் சின்ன எழுத்தாக வைத்ததற்குக் காரணம் ஐபாட் என்ற பாட்டுக் கருவி. அதைப் போல இதுவும் பரவட்டும் என்று ஆசைப்பட்டாராம். பெயர் வைக்கும்போது நாலு பேர் வாயில் நுழைய வேண்டுமே என்று அவர் யோசித்திருக்கிறார். நாம் தூண்டப்பட்ட என்று தொடங்குகிறோம். அங்கே நடந்தது தூண்டல்கூட இல்லை, திரும்பி வந்தது. செலவுக்குப் போன செல் மறுபடி முதலாகிவிட்டது. மீள்முதற்செல் என்றால் போதாதா? பல்திறன் விட்டுப்போகிறதே என்பார்கள். விட்டுப்போகட்டும், கட்டுரையில் ஒரு முறை விளக்கிக்கொள்ளலாம். பெயருக்குள்ளேயே பாடம் முழுவதையும் திணிக்க வேண்டியதில்லை.