துளை போட்ட தாள்

போஸ்னியாவில் ஒரு சிகரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எச்சரிக்கை வாசகம் மூன்று முறை அச்சாகியிருக்கும். முதல் வரி: புஷேன்யே உபியா. இரண்டாவது வரி: புஷேன்யே உபியா. மூன்றாவது வரியும் அதேதான், எழுத்து மட்டும் சிரிலிக். 'புகைபிடித்தல் கொல்லும்' என்று அர்த்தம். ஒன்று போஸ்னிய மொழி, ஒன்று குரோவேஷிய மொழி, ஒன்று செர்பிய மொழி. முதல் இரண்டு வரிகளில் எது எந்த மொழி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் சிகரெட்டை விட்டார்களோ, அது வேறு கதை.

இவையெல்லாம் யுகோஸ்லாவியா என்ற ஒரே நாடாக இருந்த காலம் அது. 1954இல் நோவி சாட் நகரில் கூடிய மொழியறிஞர்களும் எழுத்தாளர்களும் இதெல்லாம் ஒரே மொழிதான், உச்சரிப்புதான் இரண்டு என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இன்று அது நான்கு மொழி. மான்டினீக்ரோ 2009இல் தன் அகரவரிசையில் இரண்டு புதிய எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. செர்பியாவில் விமான நிலையம் 'ஏரோட்ரோம்'. குரோவேஷியாவிலோ அந்த வேற்றுச்சொல்லை ஒதுக்கிவிட்டு 'ஸ்ராச்னா லூகா', அதாவது காற்றுத் துறைமுகம், என்று பலகை வைத்தார்கள். மொழித் தூய்மைச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ருசி புதிதல்ல.

நாடும் மொழியும் இப்படிப் பிளந்ததற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். கம்யூனிச ஆட்சி ஒரு ஃப்ரிட்ஜ் மாதிரி இருந்ததாம். பழைய இனப்பகைகளை உறைய வைத்திருந்ததாம். கதவு திறந்ததும் எல்லாம் உருகி வெளியே வந்துவிட்டதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரைபடத்தை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது.

1989இல் சோவியத் யூனியனையும் சேர்த்து ஐரோப்பியக் கம்யூனிச நாடுகள் ஒன்பது. இப்போது அதே நிலப்பரப்பில் 28 நாடுகள். எல்லோரும் ஏற்றுக்கொள்ளாத கொசோவோவையும் சேர்த்தால் 29. ஆனால் உடைந்தவை மூன்றே மூன்று: சோவியத் யூனியன், யுகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா. போலந்து உடையவில்லை, பல்கேரியா உடையவில்லை. பத்து லட்சத்துக்கும் மேல் ஹங்கேரியர்கள் வாழும் ருமேனியாகூட உடையவில்லை. கிழக்கு ஜெர்மனி மேற்கோடு போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். பழைய பகைதான் காரணம் என்றால் அது எல்லா நாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. உடைந்த மூன்றுக்கும் பொதுவாக இருந்தது வேறொன்று. அந்த மூன்று மட்டும்தான் இனப்பெயர் கொண்ட குடியரசுகளின் கூட்டமைப்புகள்.

தபால்தலைத் தாளைக் கிழித்திருப்பீர்கள். எங்கே இழுத்தாலும் துளை வரிசையில்தான் கிழியும். இந்தக் கூட்டமைப்புகளிலும் துளைகளைப் போட்டவர்கள் கம்யூனிஸ்டுகளேதான். ஏறக்குறைய ஒவ்வொரு குடியரசுக்கும் ஒரு இனத்தின் பெயர், தனிச் சட்டமன்றம், பெரும்பாலும் தனிக் கட்சிக் கிளை, தனி அறிவியல் அகாதமி. சோவியத் அரசியல் சட்டத்தில் பிரிந்துபோகும் உரிமைகூட எழுதப்பட்டிருந்தது. 1977 சட்டத்தில் அது 72வது பிரிவு. யாரும் அதைப் பயன்படுத்தப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியது.

தாளில் துளை போட்டதோடு விடவில்லை, மனிதர்கள் மேலும் முத்திரை குத்தினார்கள். 1932 டிசம்பரில் சோவியத் உள்நாட்டுப் பாஸ்போர்ட், அதாவது அடையாள அட்டை, வந்தது. அதில் 'தேசிய இனம்' என்று ஒரு வரி. வேலைக்கான படிவங்களில் அது ஐந்தாவது கேள்வி என்பதால் மக்கள் பேச்சில் அதன் பெயரே 'ஐந்தாவது' என்றாகிவிட்டது. 1938க்குப் பிறகு நீங்கள் எந்த இனம் என்பது உங்கள் இஷ்டமில்லை, பெற்றோரின் பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான். அம்மா ஒன்று, அப்பா ஒன்று என்றால் 16 வயதில் இரண்டில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் எழுத முடியாது. 'சோவியத்' என்றும் எழுத முடியாது. அந்த நாட்டின் பெயரையே அந்த நாட்டுக் குடிமகன் தன் இனமாகப் போட்டுக்கொள்ள வழியில்லை. யுகோஸ்லாவியாவில் அந்த வழி இருந்தது: 1981 கணக்கெடுப்பில் சுமார் 12 லட்சம் பேர் தங்களை வெறும் 'யுகோஸ்லாவ்' என்று பதிவுசெய்தார்கள். பத்தே ஆண்டில் அது சுமார் 7 லட்சமாகக் குறைந்தது.

அந்த ஐந்தாவது வரியால் யூதர்களுக்கு வேலையும் கல்லூரி இடமும் பறிபோனது ஊரறிந்த விஷயம். சோவியத்தில் ஊனமுற்றோருக்கு அரசு வகுத்த பிரிவுகள் மூன்று. யூதர்களைப் பற்றிய கசப்பான நகைச்சுவை, 'அவர் ஐந்தாம் பிரிவு ஊனமுற்றவர்' என்றது.

மத்திய ஆசியாவில் இந்த முத்திரை இன்னும் ஆழமாக இறங்கியது. 1897 ரஷ்யக் கணக்கெடுப்பில் 'சார்ட்' என்றொரு பிரிவு லட்சக்கணக்கில் இருந்தது: ஊர்களில் நிலைத்து வாழ்ந்தவர்கள், பலர் துருக்கிய மொழியும் பாரசீகமும் சேர்ந்தே பேசியவர்கள். அடுத்த 30 ஆண்டுக்குள் அந்தப் பெயர் பட்டியலிலிருந்தே காணாமல் போனது. மக்கள் போய்விடவில்லை, பெரும்பாலோர் உஸ்பெக் என்று எழுதப்பட்டார்கள். வீட்டில் இரண்டு மொழி பேசினாலும் காகிதத்தில் ஒன்றுதான்.

சரி, இந்தக் கோடுகள் எப்படி நாட்டு எல்லையாயின? சட்டத்தில் ஒரு பழைய லத்தீன் கோட்பாடு உண்டு. கையில் இருப்பதை வைத்துக்கொள் என்பது அதன் சாரம். ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட தென்னமெரிக்காவிலும் பிறகு ஆப்பிரிக்காவிலும் அதைத்தான் பின்பற்றினார்கள். 1991 டிசம்பரில் அல்மா-அட்டாவில் கூடிய முன்னாள் சோவியத் குடியரசுகள் இருக்கிற எல்லைகளை அப்படியே மதிப்பதாக ஒப்புக்கொண்டன. அடுத்த மாதமே, பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ராபர்ட் பாதாந்தேர் தலைமையிலான நடுவர் குழு யுகோஸ்லாவியாவுக்கும் இதே விதியைச் சொன்னது. எல்லையைத் திருத்த ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் உள்ளூர் நிர்வாகத்துக்குப் போட்ட கோடு பாஸ்போர்ட் சோதிக்கும் கோடானால் என்ன ஆகும் என்பதற்கு மத்திய ஆசியாவின் ஃபெர்கானா பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும்.

அங்கே சோஹ் என்று ஒரு பகுதி. நிலம் உஸ்பெகிஸ்தானுடையது. சுற்றிலும் கிர்கிஸ்தான். உள்ளே வசிப்பவர்கள் பேசுவது தஜிக் மொழி. பக்கத்திலேயே வோரூஹ்: நிலம் தஜிகிஸ்தானுடையது, சுற்றிலும் அங்கும் கிர்கிஸ்தான். சோவியத் காலத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை. மாவட்ட எல்லை மாதிரிதான். பஸ் நிற்காமல் போகும். இந்தக் குடியரசின் கூட்டுப் பண்ணை அந்தக் குடியரசின் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுகள் ஓட, குத்தகை நிலத்தில் வீடு முளைத்தது, வாய்க்கால் வந்தது. வரைபடமும் மாறி மாறி வந்தது. விளைவு, தனி நாடான பிறகு தஜிகிஸ்தான் 1920களின் வரைபடத்தைக் காட்டியது, கிர்கிஸ்தான் 1950களின் வரைபடத்தைக் காட்டியது. இரண்டுமே மாஸ்கோவின் ஆட்சியில் போட்டவை.

2021 ஏப்ரலில் இஸ்ஃபாரா ஆற்றின் நீர்ப் பங்கீட்டு மதகு ஒன்றில் கண்காணிப்பு கேமரா வைத்தது பற்றித் தகராறு மூண்டது. முதலில் கல்வீச்சு, அப்புறம் துப்பாக்கி. சில நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 செப்டம்பரில் நடந்த சண்டை அதைவிடப் பெரிது. 2025 மார்ச் 13 அன்றுதான் பிஷ்கெக்கில் இரு நாட்டு அதிபர்களும் முழு எல்லைக்குமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதே மாதக் கடைசியில் ஹுஜாந்தில் உஸ்பெக் அதிபரும் சேர்ந்துகொள்ள, மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கும் புள்ளி எது என்று முடிவானது. சோவியத் கலைந்து 33 ஆண்டுக்குப் பிறகு.

கோடு மாறாமல் மனிதர்கள் மட்டும் அந்நியராவதும் நடக்கும். 1989இல் ரஷ்யக் குடியரசுக்கு வெளியே சுமார் இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரும் எல்லை தாண்டவில்லை, எல்லைதான் அவர்களைத் தாண்டிப் போனது. லிதுவேனியாவில் அங்கே குடியிருந்த எல்லோருக்கும் குடியுரிமை கேட்டுப் பெற வாய்ப்பு கொடுத்தார்கள். அங்கே லிதுவேனியர்கள் 80 சதவீதம், பயமில்லை. லாட்வியாவில் லாட்வியர்கள் 52 சதவீதம்தான். அங்கே 1940 ஜூனில் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் மட்டுமே தாமாகக் குடிமக்கள். மீதி சுமார் ஏழு லட்சம் பேருக்கு 'குடிமகன் அல்லாதவர்' என்றொரு தனிப் பாஸ்போர்ட். ஸ்லோவேனியா இன்னும் சத்தமில்லாமல் செய்தது: 1992 பிப்ரவரியில் வேறு யுகோஸ்லாவ் குடியரசுகளிலிருந்து வந்து வாழ்ந்த சுமார் 25,000 பேரை நிரந்தரக் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டது. 'அழிக்கப்பட்டவர்கள்' என்றே அவர்களுக்குப் பெயர். 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது.

செக்-ஜெர்மன் எல்லையில் கம்யூனிசக் கிழக்கையும் மேற்கையும் பிரித்த பழைய இரும்புத்திரை ஓடிய ஷுமாவா காட்டில் சிவப்பு மான்கள் உண்டு. சுமார் 300 மான்களுக்குக் கழுத்துப் பட்டையில் கருவி கட்டிப் பின்தொடர்ந்தார்கள். மின்வேலி எடுத்து இருபது ஆண்டு கடந்தும் பெரும்பாலான மான்கள் வேலி இருந்த இடத்தோடு திரும்பிவிடுகின்றன. மானின் ஆயுள் சுமார் 15 ஆண்டு. வேலியைப் பார்த்த மான் ஒன்றுகூட உயிரோடில்லை. குட்டி முதல் ஓராண்டு தாயின் பின்னாலேயே நடக்கிறது, தாய் திரும்பும் இடத்தில் அதுவும் திரும்பப் பழகுகிறது.

மனிதக் குட்டிக்குப் பள்ளிக்கூடம். சோவியத் காலத்து மால்டோவாவில் ருமேனிய மொழியைச் சிரிலிக்கில் எழுதி 'மால்டோவன்' என்று பெயரிட்டுக் கற்பித்தார்கள். 1989இல் லத்தீன் எழுத்து திரும்பியது. 1991 சுதந்திரப் பிரகடனம் ருமேனியன் என்றது, 1994 அரசியல் சட்டம் மால்டோவன் என்றது, 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் மறுபடி ருமேனியன் என்று மாற்றியது. டினீஸ்டர் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள டிரான்ஸ்னிஸ்ட்ரியா பிரிந்து தனியாக நிற்கிறது. 1924 முதல் 1940 வரை அது சோவியத் உக்ரைனுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதியின் பாகம், அதாவது அங்கேயும் பழைய துளை வரிசை இருந்தது. அந்தக் கரையில் அதே மொழி இன்னும் சிரிலிக்கில், மால்டோவன் என்ற பெயரிலேயே அரசுப் பள்ளிகளில் ஓடுகிறது. 2004இல் லத்தீன் எழுத்தில் பாடம் நடத்திய சில பள்ளிகளை அங்குள்ள நிர்வாகம் பலவந்தமாக மூடியது. உள்ளே நடந்துகொண்டிருந்தது அக்கரையிலும் இக்கரையிலும் பிள்ளைகள் வீட்டில் பேசுகிற அதே மொழிப் பாடம்.