நெய் ரோஸ்ட் வீட்டில் ஏன் வருவதில்லை?

சென்னையின் பழைய உணவகங்கள் சிலவற்றில் தோசைக்கல் இன்னும் உள்ளே ஒளிந்துகொள்ளாமல், சாப்பிட வருபவரின் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கிறது. மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ அப்படிப்பட்ட கல்லின் எதிரே இடம் கிடைத்துவிட்டால், மின்விசிறிக்குக் கீழே மேசை காலியானாலும் நான் எழுந்து போவதில்லை. மாஸ்டர் ஒரு குவளைத் தண்ணீரைக் கல்லின் மேல் வீசுகிறார். சொய்யென்று ஆவி எழுகிறது. ஈர்க்குமாறால் ஒரே இழுப்பில் அதைத் துடைக்கிறார். அந்த ஈரம் காய்வதற்குள் மாவை ஊற்றித் தட்டையான கிண்ணத்தின் அடிப்பாகத்தால் வட்டமாக இழுக்கிறார். பிறகு நெய். பிறகு, மேலே வேகாமல் நிற்கும் மாவைத் தோசைத் திருப்பியின் விளிம்பால் வழித்தெடுக்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் தேன்நிறத்தில் ஒரு நெய் ரோஸ்ட் சுருண்டு இலைக்கு வந்துவிடுகிறது.

அதே கிரைண்டர் மாவு, அதே நெய், வீட்டில் அது வருவதில்லை. "ஹோட்டல்காரர்கள் மாவில் ஏதோ சேர்க்கிறார்கள்" என்பதுதான் இதற்கு வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அதில் ஓரளவு உண்மை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பெரிய வேறுபாடு மாவில் இல்லை; கல்லில் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ரோஸ்ட்டுக்கு 100 கிராம் மாவு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து, அதில் 40 கிராமையாவது ஆவியாக வெளியேற்றினால்தான் தோசை முறுகும். தண்ணீரைச் சூடாக்குவதைவிட அதை ஆவியாக்குவதுதான் பெருஞ்செலவு: ஒரு கிராமுக்கு 2,260 ஜூல். எல்லாம் சேர்த்து, ஒரு ரோஸ்ட் கல்லிடமிருந்து சுமார் 110 கிலோஜூல் வெப்பத்தைக் கேட்கிறது. வீட்டில் இருக்கும் 1 கிலோ இரும்புக் கல் ஒரு டிகிரி குளிரும்போது தருவது வெறும் 0.45 கிலோஜூல்தான். 200 டிகிரி செல்சியஸில் இருக்கும் அந்தக் கல் 100 டிகிரிக்கு இறங்கினாலும் 45 கிலோஜூல் மட்டுமே கிடைக்கும். மீதியை அடுப்பு கொடுத்தாக வேண்டும். வீட்டு அடுப்பின் தீயில் கணிசமான பகுதி பாத்திரத்தைச் சுற்றிக் காற்றிலேயே போய்விடுகிறது. ஆகவே மாவு விழுந்த நொடியில் கல் தணிந்து, தோசை வறுபடுவதற்குப் பதிலாகத் தன் ஆவியிலேயே மெல்ல வெந்துகொண்டிருக்கிறது. முறுகலாக வர வேண்டியது, மிருதுவாகவும் வெளிறியும் வந்துவிடுகிறது.

உணவகத்துக் கல்லோ 3 அடி நீளம், 2 அடி அகலம், 2 சென்டிமீட்டர் தடிப்பு உள்ள இரும்புப் பலகை. அந்த அளவுக்கு அதன் எடை ஏறத்தாழ 85 கிலோ வரும். அது ஒரு டிகிரி குளிர்ந்தாலே 38 கிலோஜூல் கிடைக்கிறது. ஒரு ரோஸ்ட் கேட்கும் வெப்பம் முழுவதையும் கொடுத்த பின்னும் அந்த இரும்பு சராசரியாக 3 டிகிரிதான் இறங்கியிருக்கும். நடைமுறையில் தோசைக்கு நேர் கீழே உள்ள பகுதி அதைவிடக் கூடுதலாகத் தணியும் என்றாலும், சுற்றியுள்ள இரும்பிலிருந்து வெப்பம் அங்கே பாய்ந்து அந்தக் குறையை நிரப்பிவிடுகிறது. மாவு விழும் அந்த நேரத்தில் தோசையைச் சுடுவது அந்த இரும்பு சேர்த்து வைத்திருக்கும் வெப்பம்தான்; கீழே எரியும் தீ அந்தச் சேமிப்பைத் தொடர்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறது. கூட்டம் சேர்வதற்கு வெகுமுன்பே கல்லைப் பற்றவைத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் அவ்வளவு சூட்டில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அரிசி மாவின் ஸ்டார்ச் 65 முதல் 75 டிகிரிக்குள் தண்ணீரை உறிஞ்சிப் பசையாகிவிடும். கல் மிகவும் காய்ந்திருந்தால், ஊற்றிய மாவு பரவுவதற்கு முன்பே அடியில் இறுகி, கிண்ணத்தோடு திரண்டு எழும். அங்கேதான் அந்தக் குவளைத் தண்ணீர் வருகிறது. தண்ணீர் ஆவியாகும்போது இரும்பின் மேல்தோலிலிருந்து மட்டும் வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. மாவைத் தேய்த்துப் பரப்பத் தேவையான சில நொடிகள் கிடைக்கின்றன. அதற்குள் அடியில் இருக்கும் சூடு மேலேறி வந்து மாவை வறுக்கத் தொடங்கிவிடுகிறது. மெல்லிய வீட்டுக் கல்லில் அதே அளவு தண்ணீரை வீசினால் மேலேறி வர அடியில் சூடே இருக்காது.

அந்தத் தண்ணீரே மாஸ்டருக்கு வெப்பமானியும் ஆகிறது. துளிகள் விழுந்த இடத்திலேயே பரவிச் சீறி மறைந்தால் சூடு பதமாக இருக்கிறது. அவை முத்துமுத்தாக உருண்டு கல்லின் மேல் ஓடினால் சூடு மிதமிஞ்சிவிட்டது. துளிக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய ஆவிப்படலம் உருவாகி, துளியைத் தூக்கி நிறுத்தி, வெப்பம் அதற்குள் புகாமல் தடுப்பதால் அது அப்படி ஓடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் யோஹான் கோட்லோப் லைடன்ஃபிராஸ்ட் 1756-இல் இதை விரிவாக எழுதினார். இன்றும் அந்த விளைவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வழவழப்பான உலோகத்தில் இது ஏறத்தாழ 200 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ தொடங்கும். பள்ளியில் இயற்பியல் படித்திராத மாஸ்டர்கள்கூட இந்த எல்லைக்கோட்டை ஓசையாலும் கண்ணாலும் துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறார்கள். இதை நான் பெரிய அறிவாகவே மதிக்கிறேன்.

இனி மாவு. அரிசியும் உளுந்தும் அரைத்துக் கரைத்து வைத்த இரவில் அதற்குள் வேலை செய்பவை பெரும்பாலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவற்றுள் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்பது சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒருசேர வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயு மாவைப் பொங்க வைக்கிறது. அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வேலை. அதிலுள்ள குளோபுலின் புரதமும், அராபினோகாலக்டன் என்னும் வழுவழுப்பான கூட்டுச்சர்க்கரையும் சேர்ந்து குமிழிகளின் சுவரை உடையாமல் காக்கின்றன. உளுந்தை அரைக்கும்போது பந்துபந்தாக எழும் வெள்ளை நுரையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது கையிலேயே தெரியும். கல்லில் விழுந்ததும் இந்தக் குமிழிகள் விரிந்து வெடித்துத் தோசைக்குக் கண்கள் உண்டாகின்றன. உள்ளே இருக்கும் ஆவி அந்தக் கண்கள் வழியாகத்தான் வெளியேறுகிறது. கண் விழாத தோசை முறுகாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறமும் மணமும் வேறொரு வேதிவினையால் வருபவை. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912-இல் விளக்கிய அந்த வினையில், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் இணைந்து, அடுத்தடுத்து உருமாறி, நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் பழுப்பு நிறத்தையும் உண்டாக்குகின்றன. உணவில் இது விறுவிறுப்பாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். தண்ணீர் இருக்கும் வரை தோசையின் பரப்பு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. ஆகவே முதலில் தண்ணீர் போக வேண்டும், பிறகுதான் சிவக்கும். மேலே நிற்கும் மாவை மாஸ்டர் வழித்தெடுப்பது சிக்கனத்துக்காக அல்ல. அந்த ஈரப் படலம் தொலைந்தால் கீழ்ப்பகுதி சீக்கிரம் காய்ந்து சிவக்கும் என்பதற்காக. நெய் ஊற்றுவதும் சுவைக்காக மட்டுமன்று. தோசைக்கும் கல்லுக்கும் இடையே காற்று புகுந்திருக்கும் நுண்ணிய இடைவெளிகளை நெய் நிரப்பி, வெப்பம் எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும்படி செய்கிறது. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர் உண்டு. நெய்யில் அது அநேகமாக இல்லாததால் மீண்டும் ஈரமாக்காமல் வறுக்கிறது.

"ஏதோ சேர்க்கிறார்கள்" என்ற பேச்சுக்கு இங்கேதான் இடம். பல மாஸ்டர்கள் அரிசி, உளுந்தோடு ஒரு பிடி கடலைப்பருப்பும், வெந்தயமும், சில வேளைகளில் அவலும் சேர்த்து அரைக்கிறார்கள். வார்க்கும் முன் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போடுவதுண்டு. பருப்பு புரதத்தையும், சர்க்கரை தன்னையும் மையார் வினைக்கு இரையாகக் கொடுக்கின்றன. மாவு மிகவும் புளித்துவிட்டால் இதற்கு நேர்மாறு: பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடுவதோடு, கூடிய அமிலமும் வினையை மந்தமாக்குகிறது. மூன்றாம் நாள் மாவில் வார்த்த தோசை எவ்வளவு நேரம் கிடந்தாலும் வெளிறியே இருப்பது இதனால்தான்.

முறுகல் என்பதை நாம் நாக்கால் அறிவதாக நினைக்கிறோம். அதில் பாதி காதுக்குச் சொந்தம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாசிமிலியானோ சாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கடிப்பவர்களுக்கு அவர்கள் கடிக்கும் ஓசையையே ஹெட்ஃபோன் வழியாகத் திருப்பிக் கேட்க வைத்தார்கள். ஓசையைக் கூட்டியபோதும், அதன் உயர் அதிர்வெண்களை மட்டும் உயர்த்தியபோதும், சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். ரோஸ்ட்டின் விளிம்பைக் கிள்ளும்போது எழும் அந்த மெல்லிய நொறுங்கல் ஓசை, காய்ந்து கண்ணாடிபோல் விறைத்த ஸ்டார்ச் உடைவதன் ஓசை. அந்த விறைப்பு ஈரம் பட்டால் போய்விடும். சிறிதளவு தண்ணீர் புகுந்தாலே ஸ்டார்ச் நெகிழ்ந்து தோல்போல் ஆகிவிடும். காய்ச்சலில் கிடந்த என் பெண்ணுக்காக ஒருமுறை நெய் ரோஸ்ட்டைப் பார்சல் வாங்கி, ஆட்டோவில் இருபது நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பிரித்தபோது இலையின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள்; ரோஸ்ட் ஈரத்துணிபோல் மடிந்து கிடந்தது. குறை கட்டிக் கொடுத்தவருடையது அல்ல. தோசையிலிருந்து கிளம்பிய ஆவிக்குப் போக வழியில்லாமல், அது மீண்டும் தோசைக்குள்ளேயே புகுந்துவிட்டது.

எல்லா உணவுக்கும் ஈரம் பகை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. 1948 முதல் திருவல்லிக்கேணியில் இயங்கிவரும் ரத்னா கஃபேயின் பெயரே சாம்பார் இட்லியால்தான் நிலைத்தது. அங்கே இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுகிறார்கள். ஆவியில் வெந்த இட்லி 100 டிகிரியைத் தாண்டாததால் சிவப்பதும் இல்லை, விறைப்பதும் இல்லை. அதன் குமிழிகள் ஒன்றோடொன்று திறந்த நுண்குழாய்களாக நின்று, சாம்பாரைத் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஒரே இனத்து மாவுதான். கல் ஒன்றைக் கண்ணாடியாக்குகிறது, ஆவி மற்றொன்றைப் பஞ்சாக்குகிறது.

இவையெல்லாம் சேர்ந்த ஒரு தட்டு ஏன் ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்கிறது என்பதற்கு மூக்குதான் விடை சொல்லும். மென்று விழுங்கும்போது உணவின் மணம் தொண்டையின் பின்புறமாக மேலேறி மூக்குக்குள் போகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படிப் பின்வாசல் வழியாகப் போகும் மணமே. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு விள்ளலை மென்று பாருங்கள். உப்பும் புளிப்பும் இருக்கும், நெய் காணாமல் போய்விடும். மூக்கின் உணர்விகளை ஆக்கும் மரபணுக் குடும்பத்தை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு அவற்றில் ஏறத்தாழ 400 வகைகள் இயங்குகின்றன. ரொட்டியின் மேலோட்டிலும் சோளப்பொரியிலும் பாசுமதி அரிசியிலும் மணக்கும் 2-அசெட்டில்-1-பைரோலின் என்ற பொருளை, ஆயிரம் கோடிப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு இருந்தாலும் நம் மூக்கு கண்டுகொள்ளும். மேலும், பார்வையும் ஓசையும் தலாமஸ் என்னும் இடைநிலையத்தைக் கடந்துதான் மூளையின் மேற்பகுதிக்குப் போகின்றன. மணமோ அதைக் கடக்காமலே, உணர்ச்சிக்குரிய அமிக்டலாவுக்கும் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸுக்கும் மிக அருகில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதல் சம்பளத்தில் அப்பாவை அழைத்துப் போய் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்ட ரோஸ்ட்டின் விலை எனக்கு நினைவில்லை. வேறெங்கோ நெய் முறுகும் வாசம் வந்தால், இலையின் ஓரத்தை அவர் விரலால் மெல்ல மடித்துவிட்டது மட்டும் அப்படியே வந்து நிற்கிறது.

வீட்டில் இதை நெருங்க வழி இருக்கிறது. மெல்லிய கல்லை விட்டுவிட்டு, கிடைப்பதிலேயே கனமான வார்ப்பிரும்புக் கல்லை வாங்கி, சில வாரங்கள் எண்ணெய் தடவிப் பழக்க வேண்டும். சூடான இரும்பில் எண்ணெய் மெல்லிய படலமாக இறுகிக்கொண்டால் பிறகு மாவு ஒட்டாது. மிதமான தீயில் 10 நிமிடமாவது காயவிட வேண்டும். மாவைக் குறைவாக ஊற்றி மெல்லிசாகத் தேய்க்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் பாதியானால் கல்லிடம் கேட்கும் வெப்பமும் பாதியாகும். ஒரு தோசைக்கும் அடுத்ததற்கும் இடையே கல் மீள்வதற்கு ஒரு நிமிடம் தர வேண்டும். உணவகத்தில் கல்லிலிருந்து மேசைக்கு வருவதற்குள் விளிம்பு கொஞ்சமாவது தளர்ந்துவிடும். அடுப்படியிலேயே தட்டை நீட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்தத் தூரமும் இல்லை.