ஆட்டம் எந்த வேகத்தில் கூடுகிறது?

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வேகமெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். புறப்படும்போது அதன் முன்லைட் பேசாமல் இருக்கும். வேகம் கூடக்கூட, ஒரு கட்டத்தில் லைட்டும் அதைத் தாங்கும் தகடும் உருவம் மங்கிப்போகும் அளவுக்கு உதறும். இன்னும் கொஞ்சம் கூட்டினால் உதறல் அடங்கிவிடும். எஞ்சின் முன்பைவிட வேகமாக ஓடுகிறது, லைட் மட்டும் அமைதியாகிவிட்டது. அதிர்வைப் பற்றிய முக்கால்வாசி விஷயம் இதற்குள் இருக்கிறது.

லைட்டைக் கையால் இழுத்து விட்டால் அது தன்பாட்டில் ஒரு வேகத்தில் ஆடி நிற்கும். செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுகிறதோ அதுதான் அதன் இயற்கை மீடிறன். தகடு எவ்வளவு விறைப்பு, லைட் எவ்வளவு பாரம் என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. விறைப்புக் கூடினால் மீடிறன் ஏறும். பாரம் கூடினால் இறங்கும். வர்க்கமூலக் கணக்கு என்பதால், பாரத்தை 4 மடங்காக்கினால்தான் மீடிறன் பாதியாகும்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை உலுக்கும். நிமிடத்துக்கு 1800 சுற்று என்றால் செக்கனுக்கு 30 உலுக்கல், அதாவது 30 ஹேர்ட்ஸ். லைட்டின் இயற்கை மீடிறனும் 30ஆக இருந்தால் ஒவ்வொரு உலுக்கலும் அது போகிற பக்கமே வந்து தள்ளும். சக்தி சேர்ந்துகொண்டே போகும். உயர்தரப் பௌதிகவியலில் பரிவு என்று படிப்பது இதைத்தான். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் லைட்டால் ஈடுகொடுக்க முடியாது. வீச்சம், அதாவது ஆட்டத்தின் அளவு, சுருங்கிவிடும்.

சரி, ஆட்டத்தை எப்படி நிறுத்துவது? "அதிருதா, இன்னொரு இரும்பை வைச்சு ஒட்டு" என்பதுதான் எங்கள் பக்கத்து வழமையான வைத்தியம். பல இடங்களில் அது பலிக்கும். ஆனால் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

தோட்டக் கிணற்றின் மேல் இரண்டு கேடர் (இரும்பு உத்தரம்) போட்டு அதில் தண்ணீர் மோட்டரைப் பூட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மோட்டர் நிமிடத்துக்கு 2880 சுற்று, அதாவது 48 ஹேர்ட்ஸ். கேடரின் இயற்கை மீடிறன் 40. இதில் சின்னதாக ஒரு முட்டு ஒட்டினால் 40 என்பது 48ஐ நோக்கி ஏறும், ஆட்டம் முன்பைவிட மோசமாகும். ஒட்டுவதென்றால் 70க்கு மேலே போகிற அளவுக்கு ஒட்டவேண்டும். அரைகுறையாகப் பலப்படுத்துவதுதான் ஆபத்து. இதே கேடர் 55இல் இருந்திருந்தால் அந்தச் சின்ன முட்டே நல்லது செய்திருக்கும். அப்போது கெடுப்பது பாரம் ஏற்றுவதுதான்.

ஆகவே பரிவு ஓட்ட வேகத்துக்கு மேலேயா, கீழேயா என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை. எஞ்சினென்றால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். ஆட்டம் கூடினால் பரிவு மேலே இருக்கிறது, குறைந்தால் கீழே. சாதாரண கரண்ட் மோட்டரில் வேகத்தை மாற்ற முடியாது. அதனால், சுற்றும் பாகங்களுக்கு எட்ட நின்று, கேடரில் கை வைத்தபடி இன்னொருவரை நிறுத்தச் சொல்லுங்கள். நின்றுபோகும்போது ஒரு கணம் ஆட்டம் எகிறி அடங்கினால் பரிவு கீழே இருக்கிறது, மோட்டர் வேகம் இறங்கும் வழியில் அதைக் கடந்து போகிறது. எகிறாமல் உடனேயே குறையத் தொடங்கினால் பரிவு ஓட்ட வேகத்திலோ அதற்கு மேலேயோ இருக்கவேண்டும்.

மோட்டரின் காலுக்குக் கீழே பழைய டயர்த் துண்டு வைப்பதும் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் ரப்பர் அமுங்கவேண்டும். மோட்டரின் பாரத்தில் 1 மில்லிமீற்றர் அமுங்கினால் இயற்கை மீடிறன் ஏறக்குறைய 16 ஹேர்ட்ஸ் வரும். அப்போது 48 ஹேர்ட்ஸ் உலுக்கலில் எட்டில் ஒரு பங்குதான் கேடருக்குப் போகும். உள்ளே நூலடுக்கு வைத்த கட்டி டயர் அவ்வளவு அமுங்காது, வைத்தும் வைக்காத மாதிரித்தான்.

ரப்பர் செய்யும் இன்னொரு வேலை தணிப்பு. அதிர்வுச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பமாக்கிவிடும். பரிவில் வீச்சத்தை மட்டுப்படுத்துவது தணிப்பு மட்டுமே. ஆடாமலே திரும்பி நிற்கவைக்கத் தேவையான தணிப்பில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான் தணிப்பு விகிதம். அது 2 சதவீதமென்றால், அதே விசை அசையாமல் தள்ளினால் வரும் அசைவைப்போல் ஆட்டம் 25 மடங்கு பெருகும், 5 சதவீதமென்றால் 10 மடங்கு. முழுக்க ஒட்டிய இரும்புச் சட்டத்தில் தணிப்பு மிகக் குறைவு, அதனால்தான் தட்டினால் நெடுநேரம் கணகணக்கிறது. பரிவை விட்டு வெகுதூரம் மேலே ஓடும் இயந்திரத்துக்கோ தணிப்பைக் கூட்டுவதால் நன்மையில்லை. உலுக்கல் கீழே கடத்தப்படுவது கொஞ்சம் கூடவும் செய்யும்.

மன்னார்த் தீவில் 2020இல் இயங்கத் தொடங்கிய 30 காற்றாலைகளைப் போன்ற பெரிய அமைப்புகளுக்கும் இதே கணக்குத்தான். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் சுழலியின் உலுக்கல் 0.2 ஹேர்ட்ஸ். மூன்று இறக்கையும் கோபுரத்தைக் கடப்பதால் 0.6 ஹேர்ட்ஸிலும் ஒரு தள்ளல் வரும். இப்படியான கோபுரங்களின் இயற்கை மீடிறனைப் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவே விழும்படி வடிவமைப்பார்கள். வேகம் ஏறி இறங்கும்போது ஏதாவது ஒரு வேகத்தில் பரிவு வருமென்றால், கட்டுப்பாட்டுக் கணினி அந்த வேகத்தில் தங்கவிடாமல் சுழலியை விரைவாகக் கடத்திவிடும்.