கமீனோ நடையில் கால் கொப்புளம்: சுருக்கென்றதும் நின்றுவிடுங்கள்

பிரான்சின் சான்-ஜான்-பியே-த-போர் என்ற சிற்றூரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை சுமார் 780 கி.மீ. ‘கமீனோ பிரான்செஸ்’ என்ற கிறிஸ்தவ நடை யாத்திரைக்குக் கிளம்புகிறவர்கள் பையின் எடையைக் கிராம் கணக்கில் யோசிக்கிறார்கள். பாதத்தைப் பற்றி யோசிப்பது கொப்புளம் வந்த பிறகுதான்.

முதல் நாளே கடினம். ஸ்பெயின் எல்லைக்குள் இருக்கும் ரோன்செஸ்வாயெஸ் என்ற ஊர் வரை 25 கி.மீ.; பிரனீஸ் மலையில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறி, கடைசியில் செங்குத்தாக இறங்க வேண்டும். ஏறும்போது குதிகால் ஷூவுக்குள் மேலும் கீழும் போகும். இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் இடிக்கும். இறக்கத்துக்கு முன் ஷூவின் மேல் துளைகளில் லேஸை இறுக்கிக் கட்டினால் இந்த இடி குறையும்.

தோல் வெளியே உரசுவதால் மட்டும் கொப்புளம் வருவதில்லை. சாக்ஸ் தோலைப் பிடித்துக்கொள்ள, உள்ளே எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் அகப்பட்ட தோலடுக்குகள் இழுபட்டு இழுபட்டுப் பிரிந்து, அங்கே நீர் கோக்கிறது. வியர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு இன்னும் ஒட்டிக்கொள்ளும். பருத்தி சாக்ஸ் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெரினோ என்ற மென்மையான ஆட்டுக் கம்பளி நல்லது. நடக்க நடக்கக் கால் வீங்குவதால், ஷூ அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும்.

கொப்புளத்துக்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வரும்: ஓரிடம் மட்டும் சூடாக, சுருக்கென்று இருக்கும். ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. அங்கேயே உட்காருங்கள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி மணலை உதறி, பாதத்தைத் துடைத்து, ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். சிவந்த இடத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாகச் சுருக்கமில்லாமல் மருத்துவ டேப் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் சாக்ஸ் மாட்டும்போது சுருண்டு வராது.

சின்னக் கொப்புளத்தை உடைக்காதீர்கள்; மூடி வைத்தால் போதும். பெரிதாகி நடக்கவே வலித்தால், சோப்புப் போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்கக் கூடாது. அதைவிட நல்ல கட்டு கிடையாது. யாத்ரீகர் விடுதிகளில் ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள் இழுத்து, நூலை அப்படியே விடும் பழக்கத்தைப் பார்ப்பீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த நூல் வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். சர்க்கரை நோயாளிகள் கொப்புளத்தைத் தாங்களே குத்தவே கூடாது. சிவப்பு பரவினாலோ, சீழ் பிடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வழியில் வரும் கர்ரியோன் தெ லொஸ் கொந்தெஸ் என்ற ஊரைத் தாண்டினால் 17 கி.மீ. தூரத்துக்கு ஊரே கிடையாது. சந்தேகப்படும் இடத்துக்கு அன்று காலை விடுதியிலேயே டேப் ஒட்டிவிடுங்கள். கால் புண்ணானவர்கள் இரண்டு நாள் ஓய்வெடுத்து, நடுவில் கொஞ்ச தூரம் பேருந்தில் போகலாம். கடைசிக் கட்டத்தில் வரும் சார்ரியா என்ற ஊரிலிருந்து சந்தியாகோ வரை முழுக்க நடந்து, யாத்ரீகர் கையேட்டில் நாளுக்கு இரண்டு முத்திரை வாங்கியிருந்தால், யாத்திரையை முடித்ததற்கான ‘கொம்போஸ்தெலா’ சான்றிதழ் அவர்களுக்கும் உண்டு.