எவர்சில்வர் ரீலும் வெள்ளை மாவும்

இந்த மாதம் பழுதுபார்க்க என் மேசைக்கு வந்த நான்காவது ஃபிளை ஃபிஷிங் ரீல் இது. ஃபிளை என்பது முள்ளில் கட்டிய போலி இரை, ரீல் தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் கருவி. நூல் சுற்றும் உருளையான ஸ்பூல் கழல மறுத்தது. கைப்பிடியின் அடியில் வெள்ளை மாவு. ஒருவழியாகத் திறந்து பார்த்தால், மீன் இழுக்கும்போது பிரேக் பிடிக்கும் டிராக் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. ரீலுக்குச் சொந்தக்காரர் இரண்டே முறைதான் கடலுக்குக் கொண்டுபோனாராம். “பெட்டியில துருப்பிடிக்காதுன்னு போட்டிருந்துச்சே சார்” என்றார்.

ஆற்று மீனுக்காகச் செய்த ரீல் அது. நல்ல ரீல்தான், விலையும் கூடுதல். எனக்கு எரிச்சலே அங்கேதான். மட்டமான சரக்கை வாங்கி ஏமாந்திருந்தால் பாவம் என்று தோன்றும். இவர் காசைக் கொட்டித் தப்பான பொருளை வாங்கியிருக்கிறார்.

துருப்பிடிக்காத எஃகுக்கு எவர்சில்வர் என்று பெயர் வைத்தவர் கடலோரம் போனதே இல்லை போலிருக்கிறது. அந்த எஃகைக் காப்பது மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் அது தானே ஆறிவிடும். கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைக்கும். திருகாணித் தலைக்கு அடியிலும் பேரிங் இடுக்கிலும் காற்றுப் புகாது, படலம் ஆறவும் வழியில்லை. மேலே பளபளப்பு, உள்ளே குழி. 316 ரக எஃகு 304ஐ விடத் தாங்கும், மாலிப்டினம் சேர்ந்திருப்பதால். தாங்கும் என்றுதான் சொன்னேன், அழியாது என்று சொல்லவில்லை.

அலுமினியம் துருப்பிடிக்காதே என்று அடுத்த கேள்வி வரும். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகாணி, நடுவில் உப்புநீர். அது ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். அந்த வெள்ளை மாவை உப்பு என்று நினைத்துத் துடைத்துப் போடுகிறார்கள். கொஞ்சம் உப்பும் இருக்கலாம். மீதி உங்கள் ரீல்தான்.

சரி, என்ன வாங்குவது? ரீலில் கஞ்சத்தனம் வேண்டாம்: நன்றாக அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கிய) உடல், உப்புநீர் புகாதபடி மூடிய டிராக், வீசும் தடித்த நூலான லைனுக்குப் பின்னால் 150 முதல் 200 கஜம் பேக்கிங் (லைனோடு முடிந்த மெல்லிய உபரி நூல்) பிடிக்கும் ஸ்பூல். படகில் இருப்பவர் ஓடும் மீனைத் துரத்திப் போகலாம். கரையில் நிற்பவருக்கு அந்தப் பேக்கிங்கை விட்டால் வேறு வழி கிடையாது.

ராடு, அதாவது தூண்டில் கோல், 9 அடி, 8ஆம் எண் போதும். எண் கூடக்கூட ராடின் பலமும் லைனின் எடையும் கூடும். காற்று பலம், மீனும் பெரிது என்றால் 9 அல்லது 10. எடுத்த எடுப்பில் 12 வாங்கிவந்து, ஒரு மணி நேரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபிளை ஃபிஷிங்கில் ஈயக்குண்டு இழுத்துப் போவதில்லை, லைனின் எடைதான் ஃபிளையைச் சுமந்து போகிறது. அதனால் லைன் எண்ணும் ராடு எண்ணும் பொருந்த வேண்டும். 8ஆம் எண் லைனின் முதல் 30 அடி சுமார் 13.6 கிராம் இருக்கும். குளிர்நீருக்கான லைன் வெயிலில் தொளதொளத்துவிடும், வெப்பநீருக்கானது குளிரில் கம்பிச்சுருளாகிவிடும். அட்டையைப் படித்து வாங்குங்கள். அலையடிக்கும் கரைக்கு மெல்ல மூழ்கும் இன்டர்மீடியட் லைன் நல்லது. இடுப்பில் கட்டும் லைன் கூடையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் உங்கள் லைன் அலையோடு போய்க் காலைச் சுற்றும்.

கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதீர்கள். கிளவுசர் மாதிரி உலோகக் கண் வைத்த ஃபிளை தப்பி வந்தால், ராடில் பட்டால் ராடு போகும், கண்ணில் பட்டால் கண் போகும். வீசும் கைப் பக்கமிருந்து காற்று அடித்தால் இடம் மாறி நில்லுங்கள். முள்ளின் எதிர்நாக்கை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். தூரத்தில் இடி கேட்டாலே கீழே போட்டுவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்கோ காருக்குள்ளோ போய்விடுங்கள். தயவுசெய்து “இன்னும் ஒரே ஒரு வீச்சு” வேண்டாம்.

அப்புறம் கழுவுவது. அன்றைக்கே, நல்ல தண்ணீரில், டிராக்கை இறுக்கிவைத்துக்கொண்டு, மெதுவாக. குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு வெளியே வராது, இன்னும் உள்ளேதான் போகும். லைனோடு பேக்கிங்கையும் அலசுங்கள், உப்பு ஒளிந்திருக்கும் இடம் அது. காய்ந்ததும் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டு ஜிப்பை இழுக்காதீர்கள்.

இத்தனைக்கும் மேல் ரீல் இறுகிப்போனால் அப்படியே கொண்டுவாருங்கள். இந்த நான்காவது ரீலில் துருவை எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதைத் திறக்கப் பார்த்த இடுக்கியின் பல்தடத்தைச் சரிசெய்யத்தான் ஒரு நாள் போயிற்று.